நன்றாக அடித்த நாட்களில் வாய் திறக்காதவன்

மெல்போர்னில் என் முதல் மூன்று வருடங்களில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. மட்டை செத்துப்போனவனுக்கு உயிர் கொடுப்பவன் என்று. பேஸ்போல் ஆடும் ஒரு சின்னச் சங்கத்தில், வாரக்கணக்காகப் பந்தைச் சரியாக அடிக்க முடியாமல் தவிப்பவனை, போய் அந்தப் புரொபசருக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் இரு என்று என்னிடம் அனுப்புவார்கள். நான் புரொபசரும் இல்லை, என் வாழ்நாளில் ஒரு பேஸ்போலை மட்டையால் தொட்டதும் இல்லை. இருந்தும் அந்தப் பெயரை நான் மறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு அது நன்றாகப் பிடித்திருந்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, தென்கிழக்குப் புறநகர் ஒன்றில் இருந்த பால்மா தொழிற்சாலையில் சேர்ந்திருந்தேன். அரை மணிக்கொரு தடவை, ஓடிக்கொண்டிருக்கும் பட்டியிலிருந்து ஐந்து டின்களை எடுத்து நிறுக்க வேண்டும். சராசரியைக் கட்டம் போட்ட தாளில் ஒரு புள்ளியாக வைக்க வேண்டும். தாளில் மேலே ஒரு சிவப்புக் கோடு, கீழே ஒரு சிவப்புக் கோடு. புள்ளி இரண்டுக்கும் நடுவில் விழும்வரை இயந்திரத்தில் யாரும் கை வைக்கக்கூடாது. இவ்வளவுதான் வேலை. இதற்காகவா கணிதத்தில் பட்டம் எடுத்தாய் என்று என் தகப்பனார் கேட்டிருப்பார். நல்ல வேளையாக அவர் கேட்க முடியாத தூரத்தில் இருந்தார்.

ஆனால் கை வைக்காமல் இருப்பது மனிதர்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று அந்த வேலையில்தான் கண்டேன். ஒரு புள்ளி சற்றுக் கீழே விழுந்தால் போதும், இயந்திரத்தை ஓட்டுகிறவர் திருகாணியை ஒரு சுற்றுச் சுற்றிவிடுவார். அடுத்த புள்ளி மேலே பாயும். ஐயோ என்று இரண்டு சுற்றுத் திருப்பிச் சுற்றுவார். பின்னேரம் பார்த்தால் டின்கள் எல்லாம் தாறுமாறாக நிறுக்கும். சும்மா விட்டிருந்தால் அதுபாட்டுக்கு ஏறி இறங்கி ஓடியிருக்கும். நாடே பவுண்டிலிருந்து கிராமுக்கு மாறிக்கொண்டிருந்த காலமாகையால் எதையும் சந்தேகப்பட ஆட்களுக்கு ஒரு சாட்டும் இருந்தது. நான் தாளைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போய் விளங்கப்படுத்துவேன். தலையை ஆட்டிவிட்டு, நான் திரும்பியதும் திருகுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் தாளைப் பார்த்துப் புரிந்துகொண்ட முதல் ஆள் அங்கே வேலை பார்த்த மெக்கானிக். என் வயதுதான், முப்பது தாண்டியவன். வெயிலில் சுட்டுச் சிவந்த கழுத்து, நீளக் கைகள், வாயில் எப்போதும் ஒரு தீக்குச்சி. ஒரு நாள் இயந்திரத்தைச் சரிபார்க்க அவனைக் கூப்பிட்டார்கள். வந்தவன் என் தாளை ஐந்து நிமிடம் உற்றுப் பார்த்தான். பிறகு கையில் இருந்த ஸ்பானரைப் பையில் வைத்துக்கொண்டு, "இதுக்கு ஒரு நோயும் வருத்தமும் இல்லை. பேசாமல் விடுங்கோ" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டான். அவன் சொன்னது ஆங்கிலத்தில்தான். ஆனால் அவனை நினைக்கும்போது எனக்கு அது என் வாய்ப் பேச்சாகத்தான் வருகிறது, அப்படியே எழுதுகிறேன். அன்றிலிருந்து அந்த நாட்டில் எனக்கு ஒரு நண்பன் இருந்தான்.

அவன் ஒரு பேஸ்போல் அடிகாரன். அவனுடைய சங்கத்தில் ஆட்டக் கணக்கு எழுதியவர் குவீன்ஸ்லாந்துக்குக் குடிபோய்விட்டார் என்று ஒரு மத்தியானச் சாப்பாட்டின்போது சொன்னான். "உன்ரை எழுத்து வடிவு. சனிக்கிழமையிலை என்ன செய்யிறனி?" என்று கேட்டான். மனைவி அப்போது இன்னும் வந்து சேரவில்லை. சனிக்கிழமைகளில் நான் சட்டை தோய்த்துக் காயப்போட்டுவிட்டு, அது காய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒன்றுமில்லை என்றேன். அடுத்த சனிக்கிழமை மலையடிவாரத்தில், த பேசின் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருந்த தன் வீட்டிலிருந்து காரை எடுத்துக்கொண்டு, வழியை விட்டு விலகி வந்து என்னை ஏற்றிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை.

நான் கல்லூரிக் காலத்தில் கிரிக்கெட்டுக்கு ஆட்டக் கணக்கு எழுதிப் பழகியவன். முதல் இரண்டு வாரம் எனக்குள்ளே சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். பந்து நிலத்தில் குத்தாமல் நேரே வருகிறது. மட்டை உருண்டை. ஒருவன் ஓர் ஆட்டத்தில் நாலு தடவைதான் அடிக்க நிற்கிறான். நல்ல அடி அடித்து முதல் தளத்துக்கு ஓடித் தப்பினால் அது கணக்கில் ஓர் அடி. பிடித்துவிட்டால், அல்லது மூன்று தடவை வீசித் தவறினால், போய் ஓரத்து வாங்குப் பலகையில் உட்கார வேண்டியதுதான். பத்துத் தடவை நின்று மூன்று அடி அடிக்கிறவனை அவர்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். பத்துக்கு ஏழு தரம் தோற்பவனையா கெட்டிக்காரன் என்கிறீர்கள் என்று நான் கேட்க, மெக்கானிக் சிரித்துவிட்டு, "நீ ஒருக்கா நிண்டு பாரன்" என்றான். நான் நிற்கவில்லை. அவ்வளவு வேகத்தில் வரும் பந்தை வலைக்குப் பின்னால் இருந்து பார்க்கவே எனக்குக் கண் சிமிட்டும்.

இப்போது அவனுடைய சங்கதிக்கு வருகிறேன். அவன் மூன்று வாரம் தொட்டதெல்லாம் அடியாக அடிப்பான். பந்து பூசணிக்காய் அளவில் வருகிறது என்பான். பிறகு மூன்று வாரம் பெரிதாக ஒன்றும் படாது. அந்த மூன்று வாரமும் அவனைப் பார்க்கப் பாவமாக இருக்கும். மட்டையைப் பிடிக்கும் இடத்தை மாற்றுவான். காலை அகட்டி வைப்பான், அடுத்த முறை ஒடுக்கி வைப்பான். வேறொருவனுடைய மட்டையை இரவல் வாங்குவான். மைதானத்துக்குப் போகும் பாதையை மாற்றுவான், போட்ட கால்மேசை, அதுதான் காலுறையை, மாற்றாமல் விடுவான், அந்தக் கார்ப் பயணம் எனக்குத்தான் தெரியும். தொழிற்சாலையில் ஸ்பானரைப் பையில் வைத்த அதே மனிதன்தான். நான் ஒரு நாள் அதைச் சொல்லிக் காட்டினேன். "அது மெசின். இது நான்" என்றான், கோபமாக.

அவனுக்கு ஓர் ஆசை இருந்தது. மாநில அணியில் ஒரு தடவையாவது ஆட வேண்டும். இரண்டு வருடம் தேர்வாளர்கள் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள், இரண்டு தடவையும் எடுக்கவில்லை. முப்பத்து மூன்று வயதாகிறது, இந்தமுறை விட்டால் இனி இல்லை என்று காரில் போகும்போது ஒரு தடவை சொன்னான். அதன்பிறகு அதைப் பற்றிப் பேசியதே இல்லை. பேசாததிலிருந்துதான் எனக்கு அது எவ்வளவு பெரிய ஆசை என்று தெரிந்தது.

என் பக்கத்துக் கதை இதுதான். அவன் நன்றாக அடிக்கும் நாட்களில் நான் அவனோடு பேச மாட்டேன். ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆட்டம் முடிந்து எல்லோரும் அவன் முதுகில் தட்டும்போது நான் கணக்குப் புத்தகத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டு, எழுதி முடித்ததையே திரும்பவும் கூட்டிக்கொண்டிருப்பேன். காரில் திரும்பும்போதும் வானிலையைப் பற்றிக் கதைப்பேன், அல்லது யன்னலுக்கு வெளியே பார்ப்பேன். காரணம் நாவூறு. ஒருவனுடைய நல்லதை வாயால் சொன்னால் அது அவனுக்கே கேடாகும் என்று கேட்டு வளர்ந்தவன் நான். பிள்ளை கொழுகொழுவென்று இருக்கிறது என்று யாரும் சொல்லிவிட்டால் தாய் முகம் கறுக்கும், பின்னேரமே உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவாள். என் வகுப்பில் ஓட்டத்தில் முதலாவதாக வந்தவனை, அடேயப்பா என்ன ஓட்டம் என்று நான் வாய்விட்டுச் சொன்ன மறுநாள் அவன் கிணற்றடியில் வழுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டான். அதற்கு நான் காரணம் இல்லை என்று என் மூளைக்குத் தெரியும். நாக்குக்குத் தெரியாது.

மனைவி வந்து சேர்ந்த பிறகு ஒரு சனிக்கிழமை அவளும் ஆட்டம் பார்க்க வந்தாள். அன்று மெக்கானிக் வெளுத்து வாங்கினான். அவள் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, "இஞ்சேருங்கோ, அந்தாள் நல்லா அடிக்குது. நீங்கள் ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ" என்றாள். சொல்வேனா என்பதுபோல் அவளைப் பார்த்தேன். நாங்கள் இரண்டு பேரும் வாயை இறுக மூடிக்கொண்டு அவனைக் காவல் காத்தோம். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

அவன் அடியோடு விழுந்த நாட்களில் வேறு கதை. அப்போது நாவூறு படப் புகழ என்ன இருக்கிறது? நானே தேடிப் போவேன். மனைவி உள்ளே கிழங்கு வைத்துப் பொரித்துக் கொடுத்துவிட்ட பற்றீஸை அவனுக்கு நீட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, வாய்க்கு வந்ததைப் பேசுவேன். டின்களைப் பற்றி, மெல்போர்னில் ஒரே நாளில் நாலு பருவமும் வந்து போவதைப் பற்றி, என் ஊரில் கிரிக்கெட் பந்து கிணற்றில் விழுந்தால் எடுக்கும் வித்தை பற்றி. அவன் பேசாமல் சாப்பிடுவான். அடுத்த சனிக்கிழமை போய் அடிப்பான். இது ஒரு தடவை நடந்தது, இரண்டு தடவை நடந்தது, ஐந்து தடவை நடந்தது. பிறகுதான் எனக்கு அந்தப் பெயர் வந்தது. மற்றவர்களும் வரத் தொடங்கினார்கள். மட்டை தூங்கிப்போன பெரிய பெரிய ஆட்கள் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து குந்தியிருந்து பற்றீஸ் தின்றுவிட்டுப் போய் அடித்தார்கள். மனைவி வெள்ளிக்கிழமைகளில் இரண்டு பங்கு பொரிக்க வேண்டியதாயிற்று.

மூன்றாவது கோடையில், பெப்ரவரி மாதம், மாநில அணித் தேர்வாளர் வந்தார். அறுபது வயதிருக்கும், அகலத் தொப்பி, சட்டைப்பையில் ஒரு குறிப்புப் புத்தகம். அன்று மெக்கானிக் நாலு தடவை நின்று மூன்று அடி அடித்தான். ஒன்று வேலிக்கு அப்பால் போய்விட்டது. ஆட்டம் முடிந்ததும் தேர்வாளர் நேரே என் மேசைக்கு வந்து, புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நீர்தான் ஒவ்வொரு கிழமையும் பாக்கிறனீர். இந்த ஆள் எப்பிடி?" என்று கேட்டார்.

அவன் பத்தடி தள்ளி நின்று மட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தான். இப்படி ஒரு நல்ல நாளில், இப்படி ஒரு முக்கியமான ஆளின் முன்னால் வாயைத் திறந்து கெடுத்துவிடக்கூடாது என்ற ஒரே நினைப்புத்தான். "ஏதோ பரவாயில்லை" என்றேன். "சில நாள் அடிப்பான். சில நாள் அடிக்கமாட்டான்."

தேர்வாளர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு குறிப்புப் புத்தகத்தை எடுத்து ஏதோ எழுதினார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். "நல்ல வேலை செய்தீங்கள்" என்றாள். அன்று இரண்டு பேரும் திருப்தியாகச் சாப்பிட்டோம்.

திங்கட்கிழமை காலை மெக்கானிக் நான் டின் நிறுக்கும் அறைக்கு வந்தான். கதவைச் சாத்தினான். வாயில் தீக்குச்சி இல்லை.

"அந்தத் தொப்பிக்காரர் என்னைப் பற்றி உன்னட்டைக் கேட்டவரோ?"

"ஓம்."

"என்ன சொன்னனி?"

"பரவாயில்லை எண்டு சொன்னனான்."

"மூண்டு அடி அடிச்ச அண்டைக்குப் பரவாயில்லையோ?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவன் கையைக் காட்டி நிறுத்தினான். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"நான் விழுந்து கிடக்கேக்கை எல்லாம் முதல் ஆளா ஓடி வாறாய். சாப்பாடு தாறாய், பக்கத்திலை இருந்து கதைக்கிறாய். நான் நல்லா அடிச்சா என்ரை பக்கம் திரும்பியும் பாராய். காரிலை யன்னலைப் பாத்துக்கொண்டு வாறாய். மூண்டு வருசமாப் பாக்கிறன். நான் விழுந்து கிடந்தாத்தான் உனக்குப் பிடிக்குமோ?"

எங்கள் ஊரில் நல்லது நடந்தால் வாயால் சொல்ல மாட்டோம், சொன்னால் கெட்டுப்போகும் என்று திக்கித் திணறிச் சொன்னேன். ஆங்கிலத்தில் சொல்லும்போது அது எனக்கே பிள்ளைக் கதையாகக் கேட்டது. அவன் சுவரில் தொங்கிய என் தாள்களை, அந்தச் சிவப்புக் கோடுகளை, ஒரு தடவை பார்த்தான். "நீ கணக்குப் படிச்சவன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

அந்தக் கிழமை முழுவதும் அவன் என்னோடு பேசவில்லை. என் வேலை எனக்கு ஓடவில்லை. புதன்கிழமை பின்னேரம், வெளிச்சம் இன்னும் நன்றாக இருக்கும்போதே, குசினி மேசையில் கணக்குப் புத்தகங்கள் மூன்றையும் விரித்து வைத்தேன். மனைவி எதிர்க் கதிரையில் இருந்து வாசித்தாள். "நாலிலை ஒண்டு. நாலிலை ஒண்டும் இல்லை. நாலிலை மூண்டு. மழை. நாலிலை ரெண்டு." நான் டின்களுக்கு வைப்பதுபோல ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் ஒரு புள்ளி வைத்தேன். பிறகு கோடு இரண்டும் போட்டேன். பிறகு பேனையைக் கீழே வைத்தேன்.

எல்லாப் புள்ளியும் இரண்டு கோடுகளுக்கும் நடுவில்தான் இருந்தது. அவன் சூடாக இருந்த வாரங்களும் சரி, குளிர்ந்துபோன வாரங்களும் சரி, ஒரே இயந்திரம் ஒழுங்காக ஓடும்போது விழும் ஏற்ற இறக்கம்தான். ஒருவன் ஓர் ஆட்டத்துக்கு நாலு தடவைதான் நிற்கிறான். நாலு தடவையில் மூன்று படலாம், ஒன்றும் படாமல் போகலாம், இரண்டுக்கும் அவன் அதே ஆள்தான். நான் எழுதும்போது, பலமாக அடிபட்ட பந்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குறி போடுவது வழக்கம், யாரும் கேட்டதில்லை, என் விசர்ப் பழக்கம். அந்தக் குறிகளை எண்ணிப் பார்த்தேன். அவனுடைய மட்டை செத்துப்போனது என்று எல்லோரும் சொன்ன வாரங்களிலும் அதே அளவு பலமாகத்தான் அடித்திருந்தான். பந்து போன இடத்தில் ஆள் நின்றிருந்தான், அவ்வளவுதான். சூடான வாரங்களில் அரைகுறையாகப் பட்ட பந்துகள் இரண்டு பேருக்கு நடுவில் விழுந்திருந்தன. எல்லாமே அதிர்ஷ்டம் என்று நான் சொல்ல வரவில்லை. காய்ச்சலோடு ஆடிய நாளும் இருந்தது, அசுர வேகத்தில் ஒருவன் வீசிய நாளும் இருந்தது. ஆனால் அவன் மாற்றிய காலும் கையும் கால்மேசும் அந்தத் தாளில் எங்கும் தெரியவில்லை.

நான் பற்றீஸோடு போய்ப் பேசிய நாட்களுக்கு மட்டும் ஒரு வட்டம் போட்டேன். எல்லா வட்டமும் கீழ்க்கோட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. அதற்குக் கீழே போக இடமில்லை, அடுத்த வாரம் ஏறத்தான் வேண்டும். நான் பேசினாலும் ஏறும், ஊமையாக இருந்தாலும் ஏறும். என் பெயரும் புகழும் அவ்வளவுதான். அதைக் கண்டபோது சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வலித்தும் போனது. ஆனால் அதைவிட மோசமான ஒன்றை மனைவிதான் கண்டாள். உயரத்தில் நின்ற புள்ளிகளைப் பேனை முனையால் தொட்டுத் தொட்டுப் போனாள்.

"இந்த நாளெல்லாம் நீங்கள் வாயே திறக்கேல்லை. என்னப்பா?"

"இல்லை."

"அடுத்த கிழமை எல்லாத்திலையும் கீழைதானே வந்திருக்கு."

ஆமாம், உச்சியில் இருந்து இறங்கத்தான் வேண்டும். நான் வாயை மூடிக் காவல் காத்த ஒரு தடவைகூட அவன் இறங்காமல் இருக்கவில்லை. என் மௌனம் அவனுக்கு ஓர் அடியையும் காப்பாற்றிக் கொடுக்கவில்லை. அவனை நோகடித்தது மட்டும்தான் அது செய்த வேலை. மனைவி எழும்பிப் போய் அடுப்பில் தேநீர்க் கேத்திலை வைத்தாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது, ஏனென்றால் அவளும் என்னோடு சேர்ந்துதான் வாயை மூடியிருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை அவன் என்னை ஏற்ற வரவில்லை. நான் ரயிலிலும் பஸ்ஸிலும் போய்ச் சேர்ந்தேன். தொப்பிக்காரர் கடைசித் தடவையாகப் பார்க்க வந்திருந்தார். மெக்கானிக் நாலு தடவை நின்றான். முதல் தடவை இடி மாதிரி அடித்தான், பந்து நேரே ஒருவனுடைய கையுறைக்குள் போனது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது தடவை வீசித் தவறினான். நாலாவது, வேலியடியில் ஒருவன் பாய்ந்து பிடித்தான். நாலில் ஒன்றும் இல்லை. அவன் வாங்கில் போய் இருந்து துவாயைத் தலையில் போட்டுக்கொண்டான். ஆட்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வழமையாக நான் எழும்பிப் போகும் நேரம் அது.

நான் எழும்பினேன். ஆனால் அவனிடம் போகவில்லை. மடித்து வைத்திருந்த தாளை எடுத்துக்கொண்டு, காரடிக்குப் போய்க்கொண்டிருந்த தொப்பிக்காரருக்குப் பின்னால் ஓடினேன்.

இவனைவிட நல்ல அடிகாரன் இந்தச் சுற்றில் ஒருவனும் இல்லை என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் நின்றார்.

"போனமுறை இவன் மூண்டு அடி அடிச்சவன். நீர் பரவாயில்லை எண்டீர். இண்டைக்கு ஒண்டுமே இல்லை. இப்ப ஓடி வந்து இவன்தான் கெட்டிக்காரன் எண்டுறீர். எந்த நாள் சொன்னதை நான் நம்புறது?"

"அண்டைக்குப் பயத்திலை சொன்னனான்."

"ஆருக்குப் பயம்?"

"என்ரை நாக்குக்கு" என்றேன்.

அவர் கார்க் கதவைத் திறந்து, இருக்கையில் பக்கவாட்டாக உட்கார்ந்து, காலை வெளியே நீட்டிக்கொண்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். நாவூற்றையும் சொன்னேன், தாளையும் காட்டினேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தாளை வெயிலில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு, தான் இளமையில் பந்து வீசியவர் என்று சொன்னார்.

"ஒருத்தன் ஒரு அடியும் குடுக்காமல் வீசிக்கொண்டு ஆட்டத்தின்ரை கடைசிக்கு வந்திட்டான் எண்டால், எங்கடை வாங்கிலை ஒரு குஞ்சும் அவனோடை கதைக்காது. பக்கத்திலையும் இருக்காது. சொன்னால் கெட்டுப்போகும் எண்டு. எனக்கு ஒருக்கா அப்பிடி வந்தது. ரெண்டு மணித்தியாலம் தொற்று நோய்க்காரன் மாதிரித் தனிய இருந்தனான்."

"பிறகு?"

"கடைசியிலை அடிச்சுப்போட்டாங்கள்." தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "அண்டைக்கு ஆராவது வந்து ஒரு வார்த்தை கதைச்சிருக்கலாம் எண்டு இண்டைக்கும் நினைக்கிறனான்."

தாளை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். கொடுத்துவிட்டு வந்தேன். எடுப்பேன் என்று அவர் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. நான் திரும்பி வருவதற்குள் மெக்கானிக் போய்விட்டிருந்தான். பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது, வாய்விட்டு ஒருவனைப் புகழ்ந்துவிட்டு வந்திருக்கிறேனே, இனி என்ன ஆகுமோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கணக்குத் தெரிந்தும் அடித்துக்கொண்டது.

மாநில அணியில் அவன் எப்படி அடித்தான் என்று பிறகு பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். சில நாள் அடித்தான், சில நாள் அடிக்கவில்லை. ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது பட்டியல் வெளிவந்த மறுநாள், ஒரு வியாழக்கிழமைக் காலை.

நான் டின் நிறுத்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. அவன் ஸ்பானரோடு உள்ளே வந்து, தராசுக்குப் பக்கத்தில் நின்றான்.

"எடுத்திட்டாங்கள்" என்றான். "கடைசிப் பேர். ஆனா எடுத்திட்டாங்கள். அந்த மனிசன் ராத்திரி போன் எடுத்தவர். உன்ரை ஆள் என்னைக் கார் எடுக்க விடேல்லை எண்டார்."

அதோடு நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தான். எதற்காக நிற்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. மூன்று வருடமாக எதற்காக நின்றான் என்பதும் தெரிந்தது. நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கணுக்கால் முறிந்த அந்தப் பள்ளிக்கூடத்துக்காரன் ஒரு கணம் கண் முன்னால் வந்து போனான்.

"நீ நல்ல அடிகாரன்" என்றேன். "நான் பாத்ததுக்குள்ளை நீதான் நல்ல அடிகாரன்."

அவன் கழுத்திலிருந்து காது வரை இன்னும் சிவந்துபோனான். நல்லது கெட்டுப்போகாமல் இருக்க அவர்கள் மரத்தைத் தட்டுவார்கள்; அவனும் மர மேசையை விரல் முட்டியால் இரண்டு தடவை தட்டினான். "காணும், காணும்" என்றான். "முதல் ஆட்டத்துக்கு இன்னும் ஒரு கிழமைதான் கிடக்கு. இனி ஒண்டும் சொல்லாதை."

நான் நிறுத்தவில்லை. முதல் கோடையில் அடை மழைக்கு முன்னால் அவன் அடித்த அடியைச் சொன்னேன். பந்து அவன் மட்டையில் பட்டால் எழும் சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்துவிடுவேன் என்று சொன்னேன். விரலில் கட்டோடு நின்று இரண்டு அடி அடித்த நாளைச் சொன்னேன். வேலிக்கு அப்பால் போன பந்தைப் பார்த்து என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டதைச் சொன்னேன். எழுதி வைத்திருந்த ஒவ்வொரு நல்ல சனிக்கிழமையையும் எடுத்து எடுத்துச் சொன்னேன். டின்கள் பட்டியில் போய்க்கொண்டே இருந்தன. அவன் எனக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, ஒன்று விடாமல் கேட்டான்.